வலிப்பு காணும் பிள்ளையும் பெற்றோரும்



விடியற்காலை நாலரை மணி. மெர்போக் வட்டாரத்துத் தோட்ட வீடு ஒன்றை மனக்கண் முன் கொண்டு வருவோம். அம்மா அடுப்படியில் கோப்பி கலக்கிக் கொண்டிருக்கிறார். அப்பா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு நெற்றி விளக்கைச் சோதித்துப் பார்க்கிறார். உள்ளே பாயில் பாட்டியோடு படுத்திருக்கும் ஆறு வயதுப் பையனிடமிருந்து இனம் தெரியாத ஓர் ஓசை. ஓடிப் போய் விளக்கைப் போட்டால், பிள்ளையின் உடம்பு கட்டை போல் விறைத்துக் கிடக்கிறது. கண்கள் மேலே செருகியிருக்கின்றன. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயோரம் நுரை தள்ளுகிறது, உதடு நீலம் பாய்கிறது.

"ஏம்மா, சாவிக்கொத்தை எடு! பிள்ளை கையில ஒரு இரும்பைக் குடு!" என்று பாட்டி அலறுகிறார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் பல்லிடுக்கில் வைக்க ஒரு கரண்டியோடு நிற்கிறார். இன்னொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே பிடிக்கிறார். வேறொருவர் ஒரு குவளைத் தண்ணீரை வாயில் ஊற்றப் போகிறார். இரண்டு பேர் பிள்ளையின் கை கால்களை அசையவிடாமல் அமுக்கிப் பிடிக்கிறார்கள். ஓரிரு நிமிடத்தில் இழுப்பு தானாகவே நிற்கிறது. சாவிதான் நிறுத்தியது என்று பாட்டி நம்புகிறார்.

இது எந்த ஒரு குடும்பத்தையும் குறிப்பிட்டுச் சொல்லும் கதை அன்று. மெர்போக்கிலும் பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் மட்டுமல்ல, தமிழர் வாழும் எல்லா ஊர்களிலும் நடப்பது. தமிழ்ப் படங்களிலும் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும் காட்சியை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம்! உண்மை என்னவென்றால், பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும். சாவி தேடி எடுத்து வர ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுதான். சாவி வந்ததும் வலிப்பு நின்றுவிடுகிறது. பெயர் சாவிக்குப் போய்ச் சேருகிறது.

இரும்பைக் கையில் கொடுப்பதால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. ஆனால் கரண்டி விஷயம் அப்படியல்ல. வாய்க்குள் எதையாவது திணித்தால் பல் உடைந்து மூச்சுக் குழாய்க்குள் போகலாம், தாடை பெயரலாம், விரலை விட்டவரின் விரலும் கடிபடலாம். "நாக்கை விழுங்கிவிடுவான்" என்ற பயத்தில்தான் இதைச் செய்கிறோம். நாக்கை ஒருவராலும் விழுங்க முடியாது. ஓரத்தில் கடித்துக் கொண்டால் சில நாளில் ஆறிவிடும். தண்ணீர் ஊற்றுவது இன்னும் ஆபத்தானது. நினைவில்லாத பிள்ளைக்கு விழுங்கத் தெரியாது. ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். அமுக்கிப் பிடித்தால் எலும்பு முறியலாம், தோள் மூட்டு நழுவலாம்.

அப்படியானால் செய்ய வேண்டியதுதான் என்ன? மிகக் கொஞ்சம்தான். பிள்ளையை மெதுவாக ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் நுரையும் வாந்தியும் வெளியே வழிந்து போக அது உதவும். தலைக்கடியில் மடித்த சாரமோ துண்டோ எதையாவது மெத்தென்று வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். சுற்றியிருக்கும் நாற்காலி, கத்தி, அடுப்பு, சுடுநீர் இவற்றை அப்புறப்படுத்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். ஆகவே, தொடங்கிய நேரத்தை ஒருவர் பார்த்து வைப்பது மிக மிக அவசியம்.

ஐந்து நிமிடம் என்பதுதான் எல்லைக்கோடு. ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் இழுப்பு நிற்கவில்லை என்றாலோ, ஒன்று நின்று நினைவு திரும்புவதற்குள் மற்றொன்று தொடங்கினாலோ, மூச்சு சரியாக வரவில்லை என்றாலோ, தண்ணீருக்குள் இருந்தபோது வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டிய வலிப்பு. முதல் முறையாக வலிப்புக் கண்ட பிள்ளையையும், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஊருக்கு உள்ளடங்கிய தோட்டங்களில் இருப்பவர்கள் ஐந்து நிமிடம் முடியும் வரை கை கட்டி நிற்க வேண்டாம். ஒருவர் பிள்ளையோடு இருக்க, மற்றொருவர் அப்போதே 999-ஐ அழைக்கட்டும், அல்லது கார் வைத்திருக்கும் வீட்டுக் கதவைத் தட்டட்டும். முன்னதாக நின்றுவிட்டால் கார்க்காரரிடம் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் இழுத்துக் கொண்டிருக்கும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே நெருக்கி உட்கார வைத்துக் கொண்டு பீடோங் சாலையில் பறப்பவர்கள் உண்டு. அப்படி நிமிர்த்தி நெருக்கினால் பிள்ளையின் கழுத்து தொங்கி மூச்சுப்பாதை அடைபடும், வாந்தி உள்ளே போகும். வழியில் மூவரும் விழுந்தாலும் வியப்பில்லை. படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி வரும் வரை தரையில் ஒருக்களித்துப் படுத்திருப்பதே அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

வலிப்பு நின்ற பிறகு பிள்ளை அசந்து தூங்கும். சில பிள்ளைகள் குழம்பிப் போய் அழும், சிறுநீர் கழித்திருக்கும், கொஞ்ச நேரம் ஆளை அடையாளம் தெரியாது. இது இயல்பு. முழுமையாகத் தெளிந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும் வரை வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள், மருந்து உட்பட.

இனி, இந்த வலிப்பு என்பது என்ன? நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று மிக நுண்ணிய மின்துடிப்புகளால் பேசிக் கொள்கின்றன. பால்வெட்டுத் தோட்டத்தையே உவமையாகச் சொல்லலாம். அவரவர் தத்தம் நிரையில் மரத்துக்கு மரம் நகர்ந்து வேலை பார்க்கும்போது காடு முழுவதும் அமைதியாக இயங்குகிறது. திடீரென்று எல்லாரும் ஒரே நொடியில் வாளியைத் தட்டிக் கூச்சலிட்டால் என்ன ஆகும்? வேலை நின்று குழப்பம்தான் மிஞ்சும். மூளையணுக்கள் அப்படி ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் துடிப்பதுதான் வலிப்பு. மூளையின் எந்த மூலையில் அது நடக்கிறதோ அதற்கேற்ப வடிவமும் மாறும். 1924-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்துடிப்பை முதன்முதலில் கருவி கொண்டு பதிவு செய்தார். இன்று பிள்ளையின் தலையில் கம்பிகளை ஒட்டி எடுக்கும் மூளை மின் வரைபடம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்தச் சோதனையில் வலி இல்லை. பிள்ளைக்கு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். தலையில் எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போனால் போதும்.

ஒரு முறை வலிப்பு வந்துவிட்டால் அது வலிப்பு நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலோடு ஒரு வலிப்பு வருவதுண்டு. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் குறுகிய நேரக் காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து விடுபட்டு விடுகிறார்கள். ஆனால் மூளைக்காய்ச்சலும் காய்ச்சலோடு வலிப்பாகத்தான் வரும். கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஆறு மாதத்துக்கும் குறைந்த வயது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கவே கூடாது. காய்ச்சலோ வேறு உடனடிக் காரணமோ இல்லாமல், ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில், இரண்டு முறை வந்தால்தான் பொதுவாக அதை வலிப்பு நோய் என்று மருத்துவர்கள் பெயரிடுகிறார்கள்.

எல்லா வலிப்பும் கீழே விழுந்து இழுப்பதாக இருக்காது. இதைப் பெற்றோர் மட்டுமல்ல, பள்ளி ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும். சில பிள்ளைகள் பேசிக் கொண்டிருக்கும்போதே ஐந்து பத்து நொடி வெறித்துப் பார்ப்பார்கள், இமை படபடக்கும், பிறகு ஒன்றும் நடவாதது போல விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரு நாளில் பல தடவை இப்படி வரலாம். வகுப்பில் ஆசிரியை சொல்வதெல்லாம் துண்டு துண்டாகத்தான் காதில் விழும். "கனவு காண்கிறான், கவனமே இல்லை" என்று அடி வாங்குவான். மருந்து கொடுத்தால் சரியாகக் கூடிய ஒன்றுக்காகப் பிள்ளை பிரம்படி படுவதைவிடக் கொடுமை வேறில்லை.

இன்னொன்று கைக்குழந்தைகளுக்கு வருவது. தூங்கி எழும் நேரத்தில் குழந்தை சட்டென்று தலையைக் குனிந்து, கைகளை விரித்து, கும்பிடுவது போலச் செய்யும். அடுத்த சில நொடிகளில் மறுபடியும், மறுபடியும். வயிற்று வலி என்றும், பயந்து விட்டது என்றும் நினைத்து விடுகிறோம். 1841-இல் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் வாழ்ந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய சொந்த மகனுக்கு நான்கு மாதத்தில் இந்தத் தலைகுனிப்பு தொடங்கியது. தாம் கண்டதையெல்லாம் வரிசையாக எழுதி, இப்படி ஒரு நோயைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா, வழி சொல்லுங்கள் என்று உடன் மருத்துவர்களைக் கேட்டார். தமக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்துக் கைசோர்ந்த ஒரு தகப்பனின் கடிதம் அது. இன்றும் அந்த நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அன்று அவருக்குக் கிடைக்காத மருந்துகள் இன்று உண்டு. ஆனால் வாரக் கணக்கில் தள்ளிப்போட்டால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். கைக்குழந்தை இப்படிக் கொத்துக் கொத்தாகக் குனிந்தால் அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் அன்றே தூக்கிக் கொண்டு போங்கள்.

அந்தத் தகப்பன் செய்ததை நாமும் செய்யலாம். மருத்துவர் கண் முன்னால் வலிப்பு வருவது அபூர்வம். அவருக்குக் கிடைக்கும் சாட்சி நாம்தான். பழைய பள்ளிக் கொப்பி ஒன்றில் தேதி, மணி, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கத்துக் கையில் தொடங்கியது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, அதற்கு முந்தைய இரவு பிள்ளை தூங்கினானா, மருந்து கொடுத்தோமா என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்ல, படிக்கும் அக்காள் எழுதட்டும். இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பிள்ளையைப் பத்திரமாகப் படுக்க வைத்த பிறகு ஒருவர் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்தால் மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. அதை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். பிள்ளை வளர்ந்து பெரியவனாகும்போது அந்தப் படம் அவனைத் துரத்தும்.

இதைச் சொல்லும்போது வெட்கம் என்ற விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். உண்மையில் வலிப்பைவிட அதன் பெயர்தான் பல குடும்பங்களை வாட்டுகிறது. நாம் காக்காய் வலிப்பு என்கிறோம். கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சு வழக்கில் அப்படித் திரிந்தது என்பார்கள். 'கால் கை பிடித்து' காரியம் சாதிப்பது காக்காய் பிடிப்பது ஆனதாகச் சொல்வதைப் போல! எப்படியோ, பாவம் காக்கைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் மலாய் அண்டை வீட்டார் சாவான் என்கிறார்கள்; பன்றியையும் பைத்தியத்தையும் சேர்த்துச் சொல்லும் பழைய மலாய்ப் பெயர் ஒன்றும் உண்டு. சீன மொழியில் ஆட்டுப் பைத்தியம் என்று பொருள்படும் பெயர். மூன்று இனத்தாரும் ஆளுக்கொரு விலங்கையோ பறவையையோ கொண்டு வந்து பிள்ளையின் தலையில் ஏற்றியிருக்கிறோம்! வலிப்பு பைத்தியம் அல்ல. ஒட்டுவாரொட்டியும் அல்ல, நுரையைத் துடைத்தவருக்கோ ஒரே தட்டில் சாப்பிட்டவருக்கோ வராது. முன்வினையின் தண்டனையும் அல்ல.

தமிழில் இதற்கு இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு: முயலகன். கூத்தபிரானின் திருவடிக்குக் கீழே கிடக்கிறானே, அவன் பெயர்தான். வடமொழியில் அவனை அபஸ்மாரன் என்பார்கள்; வலிப்பு நோய்க்கும் அதே சொல்தான். திருஞானசம்பந்தர் வரலாற்றில், திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருப்பாச்சிலாச்சிராமம் என்னும் தலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பெரியபுராணம் சொல்கிறது. கொல்லிமழவன் என்ற சிற்றரசனுடைய மகளுக்கு முயலகன் நோய். எத்தனையோ மருத்துவம் செய்தும் தீரவில்லை. மகளைக் கோயிலுக்குக் கொண்டு வந்து இறைவன் சந்நிதியில் கிடத்திவிட்டான் தந்தை. அங்கு வந்த சம்பந்தர் பதிகம் பாட, நோய் நீங்கியது என்பது வரலாறு. பக்தியோடு கேட்பவர்கள் பதிகத்தின் பெருமையைக் கேட்பார்கள். நாம் அந்தத் தகப்பனைக் கொஞ்சம் பார்ப்போம். அவன் நாடாள்பவன். மணமாகாத பெண்ணுக்கு இப்படி ஒரு நோய் என்று அந்தப்புரத்துக்குள் மறைத்து வைத்திருக்கலாம். அவன் மறைக்கவில்லை. முதலில் மருத்துவம் பார்த்தான், பிறகு ஊரறியக் கோயிலுக்குக் கொண்டு வந்தான்.

ஆகவே சாமி கும்பிடாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. வேண்டுதல் இருந்தால் செய்யுங்கள், திருநீறு பூசுங்கள். காத்து கருப்பு என்று மந்திரிப்பவரிடமோ போமோவிடமோ போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தாலும், அதனால் கிளினிக்குக்குப் போவது ஒரு நாள்கூடத் தள்ளிப் போகக் கூடாது. பிள்ளைக்குச் சூடு போடுவதும், பட்டினி போடுவதும், புகை போட்டு மூச்சு முட்ட வைப்பதும் கூடவே கூடாது. பெயர் தெரியாத பொடிகளையும் சூரணங்களையும் கொடுத்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில பொருள்கள் வலிப்பு மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

ஒரு காலத்தில் பெரிய தோட்டங்களில் தோட்ட ஆஸ்பத்திரி இருந்தது. டிரெசர் என்று நாம் அழைத்த உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனையாக மாறியும் போனபோது பல ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன. இன்று நாம் போக வேண்டியது அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக் கொண்டு சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் குழந்தை மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் கட்டணம் ஐந்து ரிங்கிட். மருந்து அரசாங்கம் கொடுப்பது. ஆனால் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைகளுக்கு அயல்நாட்டார் கட்டணம் கேட்கப்படலாம். இந்தக் குறை நம் சமுதாயத்தில் இன்னும் தீரவில்லை. பத்திரம் இல்லை என்று வைத்தியத்தை விட்டுவிடாமல், மருத்துவமனையின் சமூகநலப் பிரிவு அதிகாரியைப் பார்த்து நிலைமையைச் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். 1912-இல் ஃபீனோபார்பிட்டோன், 1938-இல் ஃபெனிட்டாயின், பிறகு கார்பமாசெபின், வால்ப்ரோயேட், அண்மைக் காலத்தில் லெவெடிராசெட்டாம் என்று மருந்துகள் வளர்ந்து வந்திருக்கின்றன. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முறையாக நோயறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். ஆனால் இந்த மருந்துகள் தலைவலி மாத்திரையைப் போல் வந்தபோது சாப்பிடும் மருந்து அல்ல. வராமல் தடுக்கும் மருந்து. வேலி போடுவது போல. மாடு உள்ளே நுழையவில்லை, இனி வேலி எதற்கு என்று பிடுங்கினால் என்ன ஆகும்? மூன்று மாதம் வலிப்பு வரவில்லை என்று மருந்தைத் திடீரென நிறுத்திய பிள்ளைக்கு, நிறுத்த முடியாத தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பிள்ளைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சேர்க்கும் காரணங்களில் இது ஒன்று.

அப்பா அம்மா இருவரும் விடியுமுன் வேலைக்குப் போகும் வீட்டில் காலை மருந்தை யார் கொடுப்பது? இந்த ஒரு கேள்விக்கு வீட்டில் தெளிவான விடை இருக்க வேண்டும். பாட்டி கொடுத்திருப்பார் என்று அம்மாவும், அம்மா கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பாள் என்று பாட்டியும் நினைத்தால் பிள்ளைக்கு மருந்து இல்லை. இருவரும் கொடுத்துவிட்டால் இரட்டை மருந்து. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் கொடுத்தவர் உடனே ஒரு கோடு போட்டுவிடட்டும். தண்ணீர் மருந்தை வீட்டுக் கரண்டியில் ஊற்றாதீர்கள். வீட்டுக்கு வீடு கரண்டி அளவு மாறும். மருந்தகத்தில் தரும் ஊசியில்லாப் பீச்சாங்குழலில் அளந்து கொடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். தீபாவளிக்கு ஈப்போவுக்கோ, உறவினரைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்கோ போகும்போது உடுப்புக்கு முன்னால் மருந்தை எடுத்து வையுங்கள்.

புதிய மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் பிள்ளையின் தோலைக் கவனியுங்கள். கார்பமாசெபின் போன்ற சில மருந்துகள் ஒரு சிலருக்குக் கடுமையான தோல் நோயை உண்டாக்கும். நம் ஆசிய மக்களிடம் காணப்படும் ஒரு மரபணு அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் சில மருத்துவர்கள் மருந்து தொடங்குமுன் இரத்தம் சோதிக்கிறார்கள். காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாயிலும் கண்ணிலும் புண் கண்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. வால்ப்ரோயேட் மருந்து கருவிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக் கூடியது. மகள் வயதுக்கு வரும் பருவத்தில், இதே மருந்தைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். தானாக நிறுத்தியும் விடாதீர்கள்.

வலிப்பைத் தூண்டுபவற்றில் முதன்மையானது தூக்கக் குறைவு. நாலு மணிக்கு விளக்கு எரியும் வீட்டில் பிள்ளையின் தூக்கமும் சேர்ந்தே கலைகிறது. அந்தப் பிள்ளை இரவு எட்டரைக்குள் படுத்துவிட்டால் இது பெரிய குறையாகாது. பதினோரு மணி வரை தொலைக்காட்சியோ கைப்பேசியோ பார்த்துவிட்டு நாலரைக்கு விழித்தால்தான் தொல்லை. திருவிழா இரவுகளில் கண் விழிப்பதையும் இதே கணக்கில் பாருங்கள். தேர் பார்க்கட்டும், பிறகு வீட்டில் தூங்கட்டும்.

தண்ணீர்தான் நமக்கு அதிகம் பயம் தருவது. வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஆழந்தான். தொட்டிக்குள் இறங்கிக் குளிக்காமல் வெளியே உட்கார்ந்து மொண்டு ஊற்றிக் குளிக்கட்டும். பெரிய பிள்ளையானாலும் குளியலறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம். கதவில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். மெர்போக் ஆற்றோரம் மீன் பிடிக்கவோ, ஜெராய் மலையடிவாரத்துத் தூப்பா அருவிக்கோ போவதென்றால், நீந்தத் தெரிந்த, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அறிந்த பெரியவர் ஒருவர் அந்தப் பிள்ளையை மட்டுமே பார்த்துக் கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விறகடுப்புப் பக்கம், ரம்புத்தான் மர உச்சி, இவையும் விலக்கு. பந்து விளையாடலாம், ஓடலாம், ஆடலாம், பள்ளி விளையாட்டுப் போட்டியிலும் கலந்து கொள்ளலாம். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் பந்தைப் பாய்ந்து பிடிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். அவருக்கும் வலிப்பு நோய் உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை.

மிகையாகப் பொத்திப் பொத்தி வளர்ப்பதும் ஒரு தீங்கே. "அவனை ஒண்ணும் சொல்லாதே, அழுதா இழுத்துக்கும்" என்று எதையும் விட்டுக் கொடுத்தால், பிள்ளை அதைச் சீக்கிரமே கற்றுக் கொள்ளும். தப்பு செய்தால் கண்டிக்கலாம், வீட்டு வேலையில் பங்கு கொடுக்கலாம். தம்பி தங்கைகள் ஒதுக்கப்பட்டதாக நினைத்து ஏங்குவதையும் கவனியுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பதை எட்டு வயதுத் தங்கைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுத்தால் அவள் பயப்பட மாட்டாள்.

பள்ளிக்குச் சொல்வதா வேண்டாமா என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். "டீச்சர், பையனுக்கு வலிப்பு வரும்" என்று சொன்னால் பள்ளியில் சேர்க்கமாட்டார்களோ என்ற பயம். சொல்லாவிட்டால் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் வகுப்பில் வந்துவிடும். முப்பது பிள்ளைகள் அலற, விவரம் தெரியாத ஒருவர் வாயில் அளவுகோலைத் திணிப்பார். முன்கூட்டியே சொல்லி, பக்கவாட்டில் படுக்க வைக்கவும் மணி பார்க்கவும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, உங்கள் தொலைபேசி எண்ணையும் அதில் போட்டு வைத்தால் ஆசிரியரும் தைரியமாக இருப்பார். படிப்பிலும் பின்தங்கும் பிள்ளையானால் சிறப்புக் கல்வி வகுப்பு உள்ள பள்ளியைப் பற்றிக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் வலிப்பு உள்ள பிள்ளைகளில் பலர் மற்றவர்களைப் போலவே படிப்பவர்கள்தாம்.

கல்யாணப் பேச்சு இன்னும் வெகு தூரத்தில் இருந்தாலும், பெண்ணைப் பெற்றவர்கள் அன்றைக்கே அதைத்தான் நினைக்கிறார்கள். இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அடிக்கடி வரும் வலிப்பு திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல் அந்தச் சொல்லையே நீக்கிவிட்டார்கள். வலிப்பு உள்ளவர்கள் மணந்து கொள்ளலாம், பிள்ளை பெறலாம். மறைத்துக் கட்டிக் கொடுப்பதுதான் ஆபத்து. புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மருந்து சாப்பிட்டு, ஒரு நாள் விட்டுவிடுவாள்.

மருந்து ஆயுள் முழுவதுமா என்ற கேள்விக்குப் பல பிள்ளைகளைப் பொறுத்தவரை இல்லை என்பதே பதில். குறைந்தது இரண்டு ஆண்டு ஒரு வலிப்பும் இல்லாமல் கழிந்தால், நோயின் வகையைப் பார்த்து, மருந்தை மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாமா என்று மருத்துவர் யோசிப்பார். சிலருக்குத் திரும்ப வரும். அப்போது மறுபடி தொடங்குவார்கள். குறைக்கும் அந்த மாதங்களில் கொப்பியில் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். பள்ளி ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அருவிக் குளியலை மருந்து முழுவதும் நின்று சில மாதம் கழியும் வரை தள்ளிப் போடுங்கள்.